பிஸ்கட் டப்பாவில் ஒரு தாய்மாமன்

மே மாதத்தில் எங்கள் பட்டறைக்கு ஒரு வாரம் லீவு விடுவார்கள். கல்யாணம் ஆகாத எனக்கு லீவு என்றால் பீளமேட்டில் இருக்கும் தங்கச்சி வீடுதான். காரமடையில் மோட்டார் காயில் சுற்றுவது என் வேலை. செம்புக் கம்பியைச் சுற்றும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் "எண்ணிக்கை தப்பிருமுங்க" என்று சொல்லிவிடலாம். இருபது வருடமாக அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே காலத்தை ஓட்டியிருக்கிறேன். தங்கச்சி வீட்டில் அந்த வாக்கியம் செல்லாது. அங்கே சும்மா உட்கார்ந்திருப்பவன் பேசியாக வேண்டும்.

தங்கச்சியின் கணவர், என் மாப்பிள்ளை, சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவர். வாய் ஓயாத மனிதர். "மச்சான் இன்னிக்கு மூணு வார்த்தை பேசிப்போட்டாரு. குடைய எடுத்து வையி அம்மணி, மழை வந்துரும்" என்பார். தங்கச்சி சிரிப்பாள். ஒன்பதாவது போகும் மருமகள் அதைவிடச் சத்தமாகச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். நாமும் சேர்ந்து சிரித்துவிட்டால் அடுத்த கேள்வி வராது. அதை நான் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம் அங்கே போகும்போது, துணிப்பையின் அடியில் ஒரு பிஸ்கட் டப்பாவையும் வைத்துக்கொண்டு போனேன். கோயமுத்தூர்ப் பொருட்காட்சியில் பழைய சினிமா நடிகர் நடிகைகள் ஐந்து பேர் மூன்று நாள் உட்கார்ந்து ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தரப் போகிறார்கள் என்று பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. கதாநாயகியாக நடித்த அம்மாளின் படம் பெரிதாக இருந்தது. மற்ற நாலு பேரும் ஓரத்தில், தபால்தலை அளவில். அதில் கடைசித் தபால்தலையில் இருந்தவருக்காகத்தான் அந்த டப்பா.

டப்பாவை முதல் நாளே வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். பலகாரம் என்று நினைத்துத் திறந்த மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். மாப்பிள்ளை வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் மச்சான், ஒறம்பரை வாறவங்க முறுக்கு கொண்டாருவாங்க, மாம்பழம் கொண்டாருவாங்க. நீங்க செத்த எலியவா டப்பாவுல போட்டுக் கொண்டாருவீங்க?"

சொல்ல வேண்டியதாகிவிட்டது. நான் சொன்னதில் பாதி அவர் காதில் விழவில்லை. விழக்கூடாத பாதி விழுந்துவிட்டது.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிறகு நாலு வருடம் நான் காரமடையில் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆப்பரேட்டராக இருந்தேன். கீற்றுக் கொட்டகை. இருட்டினால்தான் படம் போட முடியும். ஆறே முக்காலுக்கு ஆரம்பித்தால் மூன்று மணி நேரப் படம் முடிய ஒன்பதே முக்கால் ஆகும். சுற்று ஊர்க்காரர்களுக்குக் கடைசி பஸ் ஒன்பதரைக்கு. பஸ் கிடைக்காது என்று தெரிந்தால் அவர்கள் வரவே மாட்டார்கள். அதனால் நீளமான படம் வந்தால் முதலாளி என் அறைக் கதவைத் தட்டி, "கால் மணி நேரத்தக் கொறைச்சுப் போடு" என்பார். பாட்டில் கை வைக்கக் கூடாது. சண்டையில் வைக்கக் கூடாது. கதாநாயகி வரும் இடத்தில் வைக்கவே கூடாது. மிச்சத்தில் எங்கே வெட்டுவது என்பது ஆப்பரேட்டர் பாடு. வெட்டிய ஃபிலிம் துண்டை ஆணியில் மாட்டி வைத்து, படம் மாறும் நாளில் மறுபடி ஒட்டி, பெட்டியை அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டும். இதை நாங்கள் தப்பு என்று நினைத்ததே இல்லை. திருப்பி ஒட்டாமல் விடுவதுதான் தப்பு.

அப்படி வெட்ட வேண்டி வந்த படங்களில் ஒன்று, டவுனில் சரியாக ஓடாமல் சீக்கிரமே கொட்டகைகளுக்கு வந்த படம். எங்கள் பக்கத்துக் கொட்டகைகளுக்கெல்லாம் அந்த ஒரே பிரிண்ட்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் கதாநாயகிக்கு ஏழை அண்ணன் ஒருவன் உண்டு. தங்கை குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர்த் தாம்பாளத்தை இரண்டு கையிலும் ஏந்தி, பணக்காரத் தங்கை வீட்டு வாசலில் வந்து நிற்பான். யாரும் உள்ளே கூப்பிட மாட்டார்கள். அழைக்காமல் படியேறக் கூடாது என்று நிற்பான். உள்ளே மேளம் கேட்கும். ஒரு காலின் புழுதியை இன்னொரு கெண்டைக்காலில் துடைத்துக்கொள்வான். தேங்காய் மேல் ஒரு ஈ வந்து உட்காரும். கை இரண்டும் தாம்பாளத்தில் இருப்பதால் முகவாயை நீட்டி, ஊதி, ஈயை விரட்டுவான். கடைசியில் தாம்பாளத்தைப் படியில் வைத்துவிட்டு, உள்ளே பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டுப் போய்விடுவான். வசனமே கிடையாது. நாலு நிமிடம்.

பாட்டு இல்லை, சண்டை இல்லை, கதாநாயகி இல்லை. வெட்டினேன். படம் மாறும் நாளில் மற்ற துண்டுகளை ஒட்டினேன். இதை மட்டும் ஒட்டவில்லை. எனக்கு வேண்டும் என்று தோன்றியது, எடுத்துக்கொண்டேன். வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இருபத்து மூன்று, இருபத்து நாலு வருடம் அது என்னிடம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பேன். அந்த மனிதனைப் பார்த்த மாதிரி நான் எந்த மனிதனையும் அவ்வளவு நேரம் நேராகப் பார்த்தது கிடையாது. கொஞ்ச வருடமாகத் துண்டில் பழைய ஃபிலிமுக்கு வருகிற புளித்த காடி வாசம் வர ஆரம்பித்து, சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. அதனால்தான் விளம்பரத்தைப் பார்த்ததும் அந்த யோசனை வந்தது. டப்பாவை, அந்த அண்ணனாக நடித்தவர் கையிலேயே கொடுத்துவிடலாம். ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். அவர் திறந்து பார்ப்பார், சந்தோஷப்படுவார். நான் பேச வேண்டியதே இருக்காது.

பொருட்காட்சிக்கு நாலு பேருமாகப் போனோம். ஷாமியானாவின் கீழ் ஐந்து மேஜை போட்டிருந்தார்கள். முதல் மேஜையில் கதாநாயகி அம்மாள், பட்டுப் புடவையும் கறுப்புக் கண்ணாடியுமாக. அவருக்கு முன்னால் பஜ்ஜிக் கடை வரைக்கும் வரிசை. மற்ற நாலு மேஜைகளும் காலி. மைக்கில் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான்.

"அம்மா டோக்கன் வாங்கினா மத்த நாலு பேர் கையெழுத்தும் இலவசம்! இலவசம்! வாங்கிட்டுப் போறதுக்கு ஒண்ணும் கூலி கிடையாது, வாங்க!"

கடைசி மேஜையில் அவர். எழுபது இருக்கும். தலைக்கு மை அடித்திருந்தார், காதோரம் அது வியர்வையில் இறங்கியிருந்தது. ஜிப்பாப் பையில் மூன்று பேனா குத்தியிருந்தார். அம்மாளிடம் கையெழுத்து வாங்கியவர்களில் பாதிப் பேர் அப்படியே வெளியே போனார்கள். மீதிப் பேரை ஒரு ஆள் கையைக் காட்டி அந்தப் பக்கம் விரட்டினான், மாட்டைத் திருப்புகிற மாதிரி.

எனக்கு முன்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி போனார்கள். டோக்கனோடு தந்திருந்த கையெழுத்துக் கார்டை அவர் வாங்கினார். கையெழுத்துப் போடவில்லை.

"எந்த ஊருங்க?"

"திருப்பூருங்க."

"அப்ப பாத்திருப்பீங்க. தாய்மாமன் சீர் கொண்டு வந்து வாசல்லயே நிப்பான். வசனமே இல்லாம. பாத்த ஞாபகம் இருக்குங்களா?"

அந்த ஆள் பெண்டாட்டியைப் பார்த்தான். "இவரு ஜெயிலரா வருவாருல்ல?"

"ஐயோ, இல்லீங்க. போஸ்ட்மேனு. சைக்கிள்ல இருந்து உழுவாரே, அவருதான்" என்றாள் அவள்.

"போஸ்ட்மேனுங்களா நீங்க?"

"அதுவும் நான்தானுங்க" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். முதல் மேஜையிலிருந்து கதாநாயகி அம்மாள் குரல் கொடுத்தார். "ஏண்ணே, இருபத்தஞ்சு வருஷமா அந்தத் தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டே திரியறீங்களே, கை வலிக்கல? எங்கயாவது கீழ வைங்கண்ணே." வரிசை முழுக்கச் சிரித்தது. மைக் பிடித்தவன் மைக்கிலேயே சிரித்தான். அவரும் சிரித்தார். எப்படிச் சிரித்தார் என்று எனக்குத் தெரியும். நான் சிரிக்கிற மாதிரி.

என் முறை வந்தது.

"எந்த ஊருங்க?"

"காரமடைங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "காரமடையா? கொட்டகையில படம் பாக்கற பழக்கம் உண்டுங்களா? அந்தக் காலத்துல?"

நான் தலையாட்டினேன். அதற்குமேல் அவர் என்னைக் கேட்கவில்லை. இதைச் சொல்ல ஆள் தேடிக்கொண்டே இருந்தவர் என்று தெரிந்தது. பட்டணத்துப் பேச்சு நழுவி ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"என்ற ஊரு பவானிங்க. எங்கண்ணன் அங்க ஜமக்காளத் தறி போட்டிருந்தாரு. நான் நடிக்கப் போனது அவருக்குப் புடிக்காது. ஆனா அந்த சீன் எடுத்த அன்னிக்கு செட்டுல இருந்தவிய எல்லாம் கண்ணத் தொடச்சாங்க. நான் லெட்டர் போட்டேன், 'அண்ணா, நாலு நிமிசம் நான் மட்டுமே வாரேன், ஊரக் கூட்டிட்டுப் போயிப் பாருங்க'ன்னு. அந்த மனுசன் ஒரு தெருவையே கூட்டிட்டுப் போனாருங்க. தறியெல்லாம் நிறுத்திப்போட்டு. பொம்பளைங்க, கொழந்தைங்க எல்லாம். கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தாங்க." பேனாவின் மூடியைத் திருகினார். "சீன் இல்லீங்க. படத்துல நான் ரெண்டு தடவ வாரேன். ஒருக்கா தண்ணி கேக்கறேன், ஒருக்கா கும்பிடறேன். அவ்வளவுதான்."

டப்பா என் கையில், மஞ்சப்பைக்குள் இருந்தது.

"மதுரையில பாத்திருக்காங்க, தஞ்சாவூர்ல பாத்திருக்காங்கன்னு எழுதுனேன். 'உன்ற நடிப்பப் பாக்க நான் மதுரைக்கு வண்டி கட்டோணுமா? ஊருக்கு முன்னால என்னைப் பொய்யனாக்கிப் போட்டியே'ன்னு பதில் வந்துது. அவரு ஊட்டு வாசல மிதிச்சு வருசம் என்ன ஆச்சு. எங்கம்மா செத்ததுக்குப் போனேன். ரோட்டுலயே நிறுத்திப்போட்டாங்க. இப்ப அண்ணனுக்கு எம்பத்தி மூணு வயசு. படுத்துட்டாருங்களாம். இந்தப் பக்கத்து ஆளு ஒருத்தரு, ஒரே ஒருத்தரு, பாத்தேன்னு சொன்னாப் போதும். கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி நிறுத்தலாம்னுதான் இந்தக் கூத்துக்கே ஒத்துக்கிட்டு வந்தேன்."

அந்தப் பிரிண்ட் காரமடையிலிருந்து எங்கெங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். பெட்டியில் ஊர்ப் பெயர்ச் சீட்டு ஒட்டியதே நான்தான். காரமடைக்கு அடுத்து அன்னூர், அதற்கடுத்து பவானி.

"பாத்திருக்கேனுங்க" என்றேன்.

சத்தம் வெளியே வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நெசமாவா? என்ன பாத்தீங்க? சொல்லுங்க, என்ன பாத்தீங்க?"

"ஈயை விரட்டுவீங்க. முகவாயில."

என் வாழ்க்கையில் ஒரு மனிதனை அவ்வளவு சந்தோஷப்படுத்தியது அந்த ஒரு தடவைதான். என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "அது நெச ஈங்க! நடிப்பில்ல. சர்க்கரைப் பாகு வாசத்துக்கு வந்துருச்சு. டைரக்டர் கட் சொல்லாம உட்டுட்டாரு." கதாநாயகியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "அம்மா! பாத்தவரு வந்துட்டாரும்மா!" என் கார்டைப் பிடுங்கி எழுதினார். "என் காட்சியைப் பார்த்த என் ஊர்க்காரருக்கு" என்று எழுதி, கீழே கையெழுத்து.

அங்கேயே நான் திரும்பி வந்திருக்கலாம். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எனக்கு வேண்டியதும். ஆனால் மாப்பிள்ளை பின்னால் வந்து நின்றிருந்தார். கூட்டம் எங்களைப் பார்க்கிறது என்றதும் அவருக்குச் சும்மா நிற்க முடியவில்லை.

"ஐயா, எங்க மச்சான் வெறும் பாத்தவரு இல்லீங்க. அவருதான் கொட்டகையில ஆப்பரேட்டரு! அந்த சீனையே வெட்டி எடுத்து டப்பாவுல போட்டு வெச்சிருக்காருங்க. இத்தன வருசமா! மச்சான், காட்டுங்க, ஏன் மறைக்கறீங்க?"

பையைப் பிடுங்கி அவரே டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்துத் திறந்தார். காடி வாசம் கிளம்பியது. பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளை கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பெருமையாகத்தான் சொன்னார். பெரியவர் சொன்ன அண்ணன் கதை அவருக்குத் தெரியாது; அப்போது கடைப்பக்கம் மருமகளுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் சுருளை எடுத்தார். ஓரத்தைப் பிடித்து இழுத்தார். நாலு விரற்கடை பிரிந்து வந்தது, அதற்குமேல் வரவில்லை. கட்டியாகிவிட்டிருந்தது. பிரிந்த துண்டை ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வரிசையாக ஏழெட்டுப் படம். எல்லாவற்றிலும் ஒரு வாசல், ஒரு தாம்பாளம், அவர். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் அதைப் பார்ப்பது பிரிவ்யூ நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"ஏன் வெட்டுனீங்க?" என்றார், மரியாதையாகத்தான்.

"கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிருமுங்க. முதலாளி சொல்லுவாரு."

"பஸ்ஸுக்கு."

"ஆமாங்க."

"செரி. பஸ்ஸுக்கு வெட்டுனீங்க. ஏன் திருப்பி ஒட்டல?"

நான் டப்பா மூடியை எடுத்துத் துடைத்தேன். அவர் காத்திருந்தார். கதாநாயகி அம்மாள்தான் கேட்டார், இந்தத் தடவை சிரிக்காமல். "என்னண்ணே ஆச்சு?" பெரியவர் என் கையிலிருந்த கார்டை வாங்கினார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். தான் எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, மரியாதையாக என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு. பவானி பஸ்ஸு நிக்கற எடத்துல நிக்கறேன். நீங்க வந்து எங்கண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும். 'நான்தான் வெட்டுனேன், உன்ற தம்பி பொய் சொல்லல'ன்னு. உங்க மேல ஒரு கோவமும் இல்ல. இந்தக் கட்டியக் காட்டுனா யாரும் நம்ப மாட்டாங்க. வெட்டுன கை வரோணும். வருவீங்களா?"

எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போக முடியாது என்று தெரிந்தாலும் "வந்தர்றேனுங்க" என்போம். கடன் கேட்டால் "பாக்கலாமுங்க" என்போம். கூப்பிட்டவருக்கும் அது தெரியும். அவர் பந்தியில் நமக்கு இலை போட்டுக் காத்திருக்க மாட்டார். ஆனால் இந்தப் பெரியவர் முப்பது வருடத்துக்கு மேலாகப் பட்டணத்தில் இருந்தவர். மறந்திருந்தார்.

"கண்டிப்பா வந்தர்றேனுங்க" என்றேன்.

"டப்பா என்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

வீடு திரும்பியதும் நடந்ததை எல்லாம் தங்கச்சி மாப்பிள்ளைக்குச் சொன்னாள். எனக்குப் பின்னால் நின்று அந்தக் கதையை முழுதும் அவள் கேட்டிருக்கிறாள். மறுநாள் விடிவதற்குள் மாப்பிள்ளை எழுந்து குளித்துவிட்டார். அன்றைக்கு ஒரு கேலியும் பேசவில்லை. "போயிச் சொல்லீட்டு வந்துருங் மச்சான். பெரிய மனுசன், பாவம். நான் தெரியாம வாய உட்டுப்போட்டேன்" என்றார். தங்கச்சி ஒரு தூக்குப் போசியில் இட்லி கட்டிக் கொடுத்தாள், இரண்டு பேருக்கு. மாப்பிள்ளை தன் ஸ்கூட்டரிலேயே கொண்டுவந்து ஐந்தே முக்காலுக்குப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போனார்.

ஆகவே யாரும் என்னைத் தடுத்தார்கள் என்று எழுத முடியாது.

அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். வெள்ளை வேட்டி, துவைத்த சட்டை. தலையில் அடித்த மையைக் கழுவிவிட்டிருந்தார், முடி முழுக்க வெள்ளையாக இருந்தது. டப்பாவைப் புதுத் துண்டில் சுற்றி இரண்டு கையிலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார். நான் மேட்டுப்பாளையம் பஸ் நிற்கும் பக்கத்தில், ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து அவர் நன்றாகத் தெரிந்தார்.

பவானி பஸ் ஒன்று கிளம்பியது. கண்டக்டர் கூப்பிட்டார். இவர் தலையாட்டி, ஆள் வர வேண்டும் என்று சொல்லியிருப்பார் போல. அடுத்த பஸ்ஸும் போயிற்று. பஸ் ஸ்டாண்டுக்குள் வருகிற ஒவ்வொருவரையும் முகம் பார்த்தார். ஒரு தடவை ஒருவனைப் பார்த்து இரண்டடி முன்னால் வந்து கையை உயர்த்தி, அது நான் இல்லை என்றதும் அந்தக் கையால் தலையைக் கோதிக்கொண்டார். வெயில் வந்தது. காலைச் சொறிந்துகொள்ள வேண்டியிருந்தபோதும் டப்பாவைக் கீழே வைக்கவில்லை. ஒரு காலை இன்னொரு காலின் கெண்டையில் தேய்த்துக்கொண்டார்.

அப்போதாவது போயிருக்க வேண்டும்.

பயம் என்று எழுதினால் அது பாதிதான். அடிப்பார்கள் என்று நான் பயப்படவில்லை. தெரியாத ஒரு வீட்டு வாசலில், தெரியாத ஆட்கள் சுற்றி நிற்க, நான் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேச வேண்டியிருக்கும். அதன் பிறகு "ஏன் ஒட்டவில்லை" என்ற கேள்வி மறுபடி வரும். அவ்வளவுதான். ஒரு மனிதனுடைய இருபத்தைந்து வருடத்துக்கும் என்னுடைய ஒரு வாக்கியத்துக்கும் நடுவில் நான் வாக்கியத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

நாலாவது பஸ்ஸில் அவர் ஏறினார். படியில் நின்று கடைசியாக ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் தூணோடு ஒட்டிக்கொண்டேன். பிறகு மேட்டுப்பாளையம் பஸ் ஏறிக் காரமடைக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு பேருக்குக் கட்டிய இட்லியை நானே தின்றேன். தங்கச்சிக்கு ஒரு தபால் கார்டு போட்டேன்: "போய் வந்தேன். எல்லாம் நல்லபடி முடிந்தது."

ஆடி மாதம் பட்டறையில் பவானிக்காரன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். தறியில் பிழைப்பு இல்லை என்று காயில் சுற்றக் கற்றுக்கொள்ள வந்தவன். நல்ல பேச்சுக்காரன், எல்லோரையும் நடித்துக் காட்டுவான். ஒரு நாள் டீ நேரத்தில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தபோது சொன்னான்.

"எங்க தெருவுல ஒரு கூத்து நடந்துதுங்க. பழைய சினிமா நடிகரு ஒருத்தரு, எங்க ஊர்க்காரருதான், அவங்கண்ணன் ஊட்டுக்கு வந்து நின்னாரு. கையில நாத்தம் புடிச்ச டப்பா. அதுக்குள்ளதான் என்ற சீன் இருக்குது, ஒரு ஆளு வெட்டிப்போட்டான், சாட்சிக்கு அவன் வாரேன்னான், பஸ் தவற உட்டிருப்பான், வந்துருவான்னு சொல்றாரு. ஆரு நம்புவா? அண்ணன் பசங்க படியேற உடல. செரின்னு டப்பாவக் கீழ வெச்சுப்போட்டு மனுசன் என்ன பண்ணுனாரு தெரியுமுங்களா? அந்த சீன வாசல்லயே நடிச்சுக் காட்ட ஆரம்பிச்சுட்டாரு!"

எழுந்து நின்றான். டீத் தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டான். "இப்படி நிக்கறாருங்க. நிக்கறாரு, நிக்கறாரு, நின்னுட்டே இருக்கறாரு. தெருவே கூடிருச்சு. கொழந்தைங்க எல்லாம் 'தாத்தா, டைலாக்கு, டைலாக்கு'ன்னு கத்துதுங்க."

"அண்ணன்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவரு உள்ள கட்டில்ல படுத்துட்டே பாத்துட்டிருந்தாரு. கதவு தொறந்துதான இருக்குது. எல்லாம் முடிஞ்சப்பறம் மருமகளக் கூப்புட்டு, 'ஆரு அது, பிச்சைக்காரனா? சோறு போட்டு அனுப்பு'ன்னாருங்க. அவருக்கு நெனப்புத் தப்பி ஒரு வருசமாச்சுங்களே."

பட்டறை சிரித்தது. அவன் இன்னும் விடவில்லை. "ஒண்ணு பண்ணுனாருங்க பாருங்க, அதுதான் சூப்பரு" என்று முகவாயை முன்னால் நீட்டி, இல்லாத ஒரு ஈயை ஊதி விரட்டினான். ஈயைச் சரியாகவே செய்தான். பிறகு ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் முன்பக்கத்தில், முழங்காலுக்குக் கீழே தேய்த்தான். அது தப்பு. பின்னால், கெண்டையில் தேய்க்க வேண்டும்.

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். "என்னுங்க, நீங்ககூடச் சிரிக்கறீங்க!" என்று பவானிக்காரன் என்னைக் காட்டினான்.

நான் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டேன். "எண்ணிக்கை தப்பிருமுங்க" என்றேன்.